சான்றிதழ் இல்லாமலே காட்டலாம்

பிள்ளை இன்னும் பேசவில்லையே என்று கேட்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், மூன்று வயதுவரை பொறுங்கள். ஊனச் சான்றிதழ் இல்லாமல் அரசு மையத்தில் பார்க்கவும் மாட்டார்கள்" என்ற பதிலில் இரண்டுமே தவறு.

ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவது உண்டுதான். ஆனால் பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டாலோ, இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேராவிட்டாலோ உடனே காட்ட வேண்டும். முதலில் காது. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான், காது நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். விசில் பெரிய சத்தம். பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா? அதுவும் வீட்டுச் சோதனைதான். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று அளக்கும் பெரா (BERA) போன்ற பரிசோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரியும்.

அப்புறம் சான்றிதழ். அது உதவித்தொகை, சலுகைகளுக்கு. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. (RBSK) 2013-இல் தொடங்கியது. வளர்ச்சித் தாமதத்தைக் கண்டுபிடிப்பதே அதன் வேலைகளில் ஒன்று. அதன் கீழ் வரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (டி.இ.ஐ.சி.) பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. எங்கே?' என்று கேளுங்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அனுப்பி வைப்பார்கள். நோயின் பெயர் முடிவாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.