5.96 கோடி டாலரும் சில கணக்குப்பிள்ளைகளும்

நேற்று இரவு குழுவில் சுற்றிய அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 பிளேஆஃபில் மினசோட்டாவுக்கு எதிரான தொடரில் தொடையின் பின்தசையில் காயம்பட்டு, அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃப் கர்ரி பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். மேலே 'உலகிலேயே விலை உயர்ந்த பார்வையாளர்' என்று ஒரு வரி. கீழே ஒரு டிரேட் (வீரர் பரிமாற்றம்) அட்டவணை: கர்ரியைக் கொடுத்துவிட்டு மூன்று இளம் வீரர்களும், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நான்கு முதல் சுற்று உரிமைகளும் வாங்குகிறார்கள். அதற்குக் குவிந்த சிரிப்புக் குறிகளைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்தைப் போட்ட நண்பர் நல்லவர்தான். கணக்கு மட்டும் பாதியோடு நின்றுவிடுகிறது.

முழுக் கணக்கையும் எடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

2025-26 பருவத்தில் கர்ரியின் சம்பளம் 5.96 கோடி டாலர். அணித்தோழர்களில் ஜிம்மி பட்லருக்கு 5.4 கோடி, டிரேமண்ட் கிரீனுக்கு 2.6 கோடிக்குச் சற்றுக் குறைவு. மூவருக்கும் சேர்த்தே ஏறக்குறைய 14 கோடி. 2025-26க்கு ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு 15.46 கோடி. இரண்டாம் ஏப்ரன் எனப்படும் மேல்கோடு 20.78 கோடி. அதைத் தாண்டினால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, பரிமாற்றத்தில் பணம் சேர்த்து அனுப்ப முடியாது, ஏழு ஆண்டு கழித்து வரும் முதல் சுற்று உரிமையும் கைமாற்ற முடியாதபடி முடங்கிவிடும். நெருக்கடி உண்மையானது. அது இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

ஆனால் கர்ரியை அனுப்பினால் அந்தச் சுமை எங்கே இறங்குகிறது? வாங்கும் அணியும் கிட்டத்தட்ட அதே அளவு சம்பளத்தைத் திருப்பி அனுப்பித்தானே ஆக வேண்டும்? வரம்புக்குள் காலியிடம் வைத்திருப்பவை தோற்றுக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு அணிகள்தான். ஆக 5.96 கோடி அப்படியே இருக்கும். கர்ரிக்குப் பதிலாக, பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத மூன்று பேர் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இதற்குப் பெயர் சிக்கனமாம்.

"ஃபீனிக்ஸ் அணி தன் நட்சத்திரம் கெவின் டியூரண்டை விற்கவில்லையா?" என்று கிளம்புவீர்கள். 2025-இல் விற்றது. 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 26 புள்ளிகளுக்கு மேல் எடுத்தவர், அப்போது 36 வயது. ஹூஸ்டனிடமிருந்து வந்தது என்ன? ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், சில இரண்டாம் சுற்று உரிமைகள். முதல் சுற்று உரிமை ஒன்றே ஒன்று, அதுவும் தேர்வு வரிசையில் பத்தாவது இடம். அதே டியூரண்டை 2023-இல் வாங்க ஃபீனிக்ஸ் கொடுத்தவற்றில் முதல் சுற்று உரிமைகள் மட்டும் நான்கு. ஏப்ரன் நெருக்கடியில் இருப்பவன் விற்க வருகிறான் என்று சந்தைக்கே தெரியும்போது கிடைக்கும் விலை இதுதான். நம் நண்பரோ 37 வயதைத் தொட்டுவிட்டவருக்கு நான்கு முதல் சுற்று உரிமைகள் வாங்கி வைத்திருக்கிறார். எந்தக் கடையில் என்று சொன்னால் நானும் போய் வரிசையில் நிற்பேன்.

அடுத்து பாஸ்டன். இந்த வாதத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 2013-இல் வயதான நட்சத்திரங்கள் பால் பியர்ஸ், கெவின் கார்னெட் இருவரையும் புரூக்லின் அணிக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்த உரிமைகளிலிருந்து 2016-இல் ஜேலன் பிரவுன் வந்தார், 2017-இல் சுற்றி வளைத்து ஜேசன் டேட்டம் வந்தார். 2024-இல் இருவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். அருமையான டிரேட், மறுக்கவில்லை. பியர்ஸ் மீது உயிரையே வைத்திருந்த பாஸ்டன்காரர்கள்கூட இன்று அதைக் குறை சொல்வதில்லை.

ஆனால் அதற்கு ஒரு புரூக்லின் வேண்டும். அந்த ஒரே பருவத்துக்கு 9 கோடி டாலர் ஆடம்பர வரி (சம்பளம் எல்லை மீறினால் கட்டும் அபராதம்) கட்டவும் தயாராக இருந்த முதலாளி வேண்டும். இன்றைய ஏப்ரன் விதிகள் வந்ததே அப்படிப்பட்ட முதலாளிகளின் கையைக் கட்டத்தான். விதியை எழுதியதில் முதலாளிகளுக்குப் பாதிப் பங்கு, விதியால் வரும் பழி முழுவதும் வீரருக்கு. நல்ல ஏற்பாடு!

"கோபி பிரையன்ட்டுக்குக் காயத்துக்குப் பிறகும் 4.85 கோடி கொடுத்து லேக்கர்ஸ் அணி நாசமாகவில்லையா?" ஆகட்டுமே. ஐந்து கோப்பை வாங்கித் தந்தவருக்கு இரண்டு வருடம் கொடுத்ததில் என்ன குடி மூழ்கிவிட்டது? 2020-இல் இன்னொரு கோப்பை வந்துவிட்டது.

இப்போது நண்பர் விட்டுவிட்ட பாதிக் கணக்கு. 2011-12 பருவத்தில் கணுக்கால் காயத்தால் கர்ரி 26 ஆட்டங்கள்தான் ஆடினார். அந்தக் கணுக்காலைக் காட்டியே 2012-இல் நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தை முடித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து! அந்தச் சம்பளத்தில்தான் 2015 கோப்பை, இரண்டு எம்விபி (பருவத்தின் சிறந்த வீரர்) விருதுகள், ஒரே பருவத்தில் 73 வெற்றிகள். எம்விபியாக இருந்த 2015-16-இல் சொந்த அணியின் சம்பளப் பட்டியலில் அவர் ஐந்தாவது ஆள். 2016-இல் வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியபோது டியூரண்டைக் கொண்டுவர இடம் இருந்ததே, அந்த இடத்தில் ஒரு பகுதி கர்ரிக்குக் கொடுக்காமல் விட்ட பணம். 2010-இல் 45 கோடி டாலருக்கு வாங்கிய அணி இன்று 800 கோடிக்கு மேல் மதிக்கப்படுகிறது. அப்போதெல்லாம் 'இவருக்குக் குறைவாகக் கொடுக்கிறோமே' என்று யாராவது அட்டவணை போட்டீர்களா? இன்று வாங்குவது பழைய பாக்கி. பாக்கியைக் கேட்டு வந்தவரைப் பார்த்து 'சுமை' என்கிறீர்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் பளபளக்கும் அரங்கம் 2019-இல்தான் திறந்தது. நான் அதற்கு முன் அணி ஆடிய ஓக்லண்டைச் சொல்கிறேன். பார்ட் ரயிலில் கொலிசியம் நிலையத்தில் இறங்கி, அந்த நீண்ட நடைமேம்பாலத்தைக் கடந்து, என் மகனை மேல்மாடிக் கடைசி வரிசைகளுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆட்டம் தொடங்க வெகுநேரம் இருக்கும்போதே கீழே கூட்டம் கம்பியோரம் நெருக்கியடித்து நிற்கும். கர்ரி இரண்டு கைகளிலும் இரண்டு பந்துகளைத் தட்டிக்கொண்டே நடப்பார். ஒன்று முழங்கால் உயரத்தில், மற்றது இடுப்பளவில். கடைசியாக அரங்குக்கு வெளியே போகும் சுரங்க வாயிலில் நின்று, தலைகளுக்கு மேலாக ஓர் எறிவு. விழுந்தால் கூரை அதிரும். விழாவிட்டால் இன்னொரு பந்து வாங்கிக்கொள்வார். காயத்துக்கு முன்பும் பின்பும் அதே ஒழுங்கு. 2024-25 பருவத்தில் 70 ஆட்டம், சராசரி 24.5 புள்ளிகள், 2025 மார்ச்சில் 4,000 மூன்று புள்ளி எறிவுகளைத் தொட்ட முதல் மனிதர். பெஞ்சில் உட்கார்ந்த படம் மட்டும்தான் கண்ணில் பட்டதா?

"இது வியாபாரம், உணர்ச்சிக்கு இடமில்லை" என்று கருத்துப் பெட்டியில் எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. எங்கள் அலுவலகத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் மென்பொருளின் அடித்தளத்தை எழுதியதே அவர்தான். ஒரு காலையில் கணக்கு முடக்கப்பட்டது, மடிக்கணினியை வாங்கிக்கொண்டார்கள். 'சம்பள அடுக்கைச் சீரமைக்கிறோம்' என்று எங்களுக்கு ஒரு மின்னஞ்சல். அன்று காலை நான் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். பதில் பாதியில் நின்றிருந்தது. மாலையில் சொந்த மின்னஞ்சலிலிருந்து மீதியை எழுதி அனுப்பினார், இரண்டு வரைபடங்களோடு. அவர் இடத்துக்கு வந்த இருவரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்த வரைபடங்களைத்தான் இன்றும் திறந்து பார்க்கிறார்கள்.

இதற்கும் கூடைப்பந்துக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். கோடீசுவரனுக்காக அழுகிறான் என்றும் ஒருவர் எழுதுவார். எழுதட்டும். பணக்காரனாக இருந்தாலும், உழைத்துக் கொடுத்தவனை வயதானதும் விலைச்சீட்டு ஒட்டிச் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2025 ஜூலையில் மில்வாக்கி அணி தன் நட்சத்திரம் டேமியன் லில்லார்டை ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்பிவைத்தது. அந்த அணிக்கு ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தவர். அவருக்குக் கொடுக்க மீதமிருந்த 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பி வைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதையும் சிலர் 'துணிச்சலான முடிவு' என்று பாராட்டினார்கள். காலை ஊன்ற முடியாதவனை வெளியே அனுப்ப என்ன துணிச்சல் வேண்டியிருக்கிறது? அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது அவருடைய பழைய அணியான போர்ட்லண்ட்.

கர்ரியே வந்து 'என்னை அனுப்புங்கள்' என்று கேட்டால் அது வேறு பேச்சு. அந்த உரிமை அவருக்கு உண்டு. அவர் கேட்கவில்லை. 2024-இல்தான் ஒப்பந்தத்தை 2026-27 வரை நீட்டிக் கையெழுத்திட்டார்.

நண்பருக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த அட்டவணை போடும்போது பதிலுக்கு வரும் மூவரின் சம்பளத்தையும், அவர்களுடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும், அவர்களைக் கொடுக்கும் அணி ஏப்ரன் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கர்ரியின் படத்துக்குப் பதில் அந்த மூவரின் படத்தைப் போடுங்கள். எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.