டொக்டர் ஆகாவிட்டாலும் விஞ்ஞானம் படிக்கலாம்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நமது மலையக முகநூல் பக்கங்கள் வாழ்த்துப் பதாகைகளால் நிறைந்துவிடுகின்றன. ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம், பெற்றோரின் தோட்டத்துப் பெயர், கீழே ‘வருங்கால வைத்தியர்’ என்ற பட்டம். அந்தப் பிள்ளைகளை நானும் மனதார வாழ்த்துகிறேன். ஆனால் விஞ்ஞானத்தில் பி அல்லது சி எடுத்துவிட்டு, அடுத்து எதைப் படிப்பது என்று தெரியாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யாரும் பதாகை அடிப்பதில்லை. இந்தப் பதிவு அந்தப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்குமானது.

நான் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பணிபுரிகிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் தோட்டத்தில் இன்றும் என்னை ‘இரத்தம் எடுக்கிற பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள். (என் தொழிலின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் நானும் திருத்துவதில்லை.)

சில வருடங்களுக்கு முன்பு கிளினிக்கிலிருந்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நான் மறக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. அவருக்கு 8 இருந்தது. மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் செல்கிறார், ஒரு நாளும் தவறாமல் விழுங்குகிறார், அளவு மட்டும் ஏறவில்லை. கிளினிக்கில் சிங்களத்தில் சொல்லப்பட்ட அறிவுரைகளுக்கெல்லாம் அவர் தலையாட்டியிருக்கிறார். ஊசியைக் குத்தும்போது பேச்சோடு பேச்சாக, “மாத்திரையை எதோட குடிப்பீங்க அக்கா?” என்று கேட்டேன். “தேத்தண்ணியோடதான் மிஸ், வெறுந்தண்ணியோட குடிச்சா பெரட்டுது” என்றார். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. காலையில் அவர் கூடையில் போட்ட கொழுந்து, மாலையில் அவருடைய மாத்திரையை வீணாக்கிக்கொண்டிருந்தது. தேநீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கும்படியும், மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கும்படியும் சொல்லி அனுப்பினேன். அதற்குத் தேவைப்பட்டது உயர்தர இரசாயனவியலும் அவருடைய மொழியும்தான்.

இரும்பும் தேயிலையும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை அறிந்தவரும், ‘பெரட்டுது’ என்றால் என்னவென்று அறிந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய இடங்கள் நமது வைத்தியசாலைகளில் ஏராளம். குளவி கொட்டி மூச்சுத்திணறலோடு வரும் தொழிலாளியிடம் முதலில் பேசுபவர் பெரும்பாலும் தாதி. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் லயத்துக்கே வருபவர் குடும்பநல உத்தியோகத்தர். பீலித் தண்ணீர் குடிக்க உகந்ததா என்று பார்ப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இவர்களில் ஒருவரையும் நாம் பதாகையில் போடுவதில்லை. அதனால் இப்படியொரு வழி இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கதிர்ப்படவியல், இயன்மருத்துவம் ஆகியவற்றுக்குப் பட்டப்படிப்புகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இவற்றில் சில உண்டு. பட்டம் கிடைக்காவிட்டாலும், கண்டி, பதுளை போன்ற இடங்களிலுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருடப் பயிற்சியைக் கொடுப்பனவோடு பெறலாம். தலவாக்கலையில் பஸ்ஸில் போகும்போது நாம் கடந்துபோகும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தொடங்கப்பட்டது. நூறு வருடங்களாக நம் மலையில் இருக்கும் அந்த ஆய்வுகூடத்தில் நம் பிள்ளையும் வேலை செய்யலாம் என்று எத்தனை வீடுகளில் பேசியிருப்போம்?

பல்கலைக்கழக அனுமதியின் பெரும்பகுதி மாவட்ட ஒதுக்கீட்டின்படியே வழங்கப்படுவதால், நுவரெலியாவிலோ பதுளையிலோ படிக்கும் பிள்ளை தன் இசட் புள்ளியை (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடப்படும், பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியை) கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு மனமொடிய வேண்டியதில்லை. நானே முதல் தடவை இரசாயனவியலில் எஃப் வாங்கியவள். இரண்டாம் தடவை எழுதித்தான் பல்கலைக்கழகம் போனேன்.

உண்மையான தடை வேறோர் இடத்தில் இருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு, கலை, வர்த்தகத்தோடு விஞ்ஞானமும் கற்பிக்கும் 1 ஏ.பி. தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு; தோட்டங்களுக்குக் கிட்டிய பாடசாலைகளில் உயர்தரம் இருந்தால்கூட அது பெரும்பாலும் கலையோடும் வர்த்தகத்தோடும் நின்றுவிடுகிறது. அதனால் நம் பிள்ளைகளில் பலர் கலைப்பிரிவைத் தெரிவு செய்வதில்லை, அங்கே போய்ச் சேருகிறார்கள். கலைப்பிரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களில் பலர் அதைப் படித்தவர்கள்தான். விரும்பிப் போகிறவர் போகட்டும். ஆனால் மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஹட்டனுக்குப் போக வேண்டுமானால் பஸ் செலவு, தங்குமிடம், தனியார் வகுப்பு என்று ஒரு குடும்பக் கணக்கே மாறிவிடுகிறது. பெறுபேறு வந்த பிறகு இந்தக் கணக்கைப் போட அவகாசம் இருக்காது.

ஆகவே தரம் 10 இல் பிள்ளை இருக்கும் பெற்றோர் இந்த மாதமே பாடசாலைக்குச் சென்று, உயர்தரத்தில் உயிரியல் பிரிவு உண்டா, இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், கிட்டிய எந்தப் பாடசாலையில் இருக்கிறது, அங்கே விடுதி உண்டா என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள். தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தலைப் படித்து விளங்கிக்கொள்வதில் சிரமம் இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். இரவுக் கடமை இல்லாத நாட்களில் கட்டாயம் பதில் தருகிறேன்.