சத்தம் வந்தால் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றினால் போதுமா?

"ஆட்டோமேட்டிக் காரில் கரகரவென்று சத்தம் வந்தால் ஆயில் குறைவு, எந்த ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கிடைத்தாலும் ஒரு லிட்டர் ஊற்றுங்கள்" என்கிற வாட்ஸ்அப் தகவல் தவறு.

ஆயில் குறைந்தால் கியர்பாக்ஸில் உள்ள ஆயில் பம்ப் காற்றை இழுத்து ஊளையிடும் என்பது உண்மைதான். ஆனால் அளவு பார்க்காமல் ஊற்றி மட்டம் ஏறிவிட்டால், சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக்கும். அழுத்தம் விழும், கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். பல் கியருக்குப் பதில் பெல்ட், புல்லியில் இயங்கும் சிவிடி வண்டியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் தேயும். கையேட்டில் உள்ள ரகம் மட்டுமே.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று கேளுங்கள். எல்லா கியரிலும், பி (பார்க்), என் (நியூட்ரல்) நிலையிலும் என்ஜின் சுழலும் வேகத்தோடு (ஆர்பிஎம்) ஏறினால் பம்ப் மீது சந்தேகம். பிரேக் மிதித்து டி-யில் (டிரைவ்) நிற்கும்போது வந்து, என்-னுக்கு மாற்றினால் அடங்கினால், என்ஜின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் மீது சந்தேகம். வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி, வளைவில் மாறினால் பெரும்பாலும் வீல் பேரிங்; கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்!

கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பேனைக் (ஆயில் தட்டு) கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். கையில் உறுத்தும் இரும்புச் செதில் கிடந்தால், வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்லுங்கள். அதிலும் ஓட்டும் சக்கரங்கள் (என்ஜின் விசை போகும் சக்கரங்கள்) தரையில் உருளக் கூடாது.