மெர்வ் 1221-ல் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டதா?

“உலகின் மிகப்பெரிய நகரமான மெர்வை மங்கோலியர்கள் 1221-ல் அழித்தார்கள், அதன்பின் அங்கே ஒரு ஆள்கூட வசிக்கவில்லை, இன்று அது உஸ்பெகிஸ்தான் மணலுக்குள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி உண்மை, பாதி கதை.

முதலில் இடம். மெர்வ் இருப்பது துர்க்மெனிஸ்தானில், பைராமலி ஊருக்குப் பக்கத்தில். ஆப்கானிஸ்தான் மலைகளில் பிறந்து காராகும் பாலைவனத்தில் காணாமல் போகும் முர்காப் ஆற்றின் தண்ணீரை நம்பிப் பிழைத்த ஊர் அது.

செங்கிஸ் கானின் மகன் தோலுயின் படை 1221-ல் நடத்திய கொடூரம் உண்மைதான். ஆனால் செத்தவர்கள் 13 லட்சம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதியதை அப்படியே நம்ப முடியாது, அந்தக் காலத்தில் அவ்வளவு பேருக்கு அந்தப் பாசனம் சோறு போட்டிருக்குமா என்ன?

“அதன்பின் யாருமில்லை” என்பதுதான் சுத்தப் பொய். 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தைமூரின் மகன் ஷாருக், பழைய ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் புது மதில் கட்டிக் குடியேற்றினார். அப்துல்லா கான் கலா என்று இன்று சொல்வது அதைத்தான். சொல்லப்போனால் இந்த ஊருக்கு இடம் மாறுவது பழக்கம்: எர்க் கலா, கியாவுர் கலா, சுல்தான் கலா என்று ஒன்றையொட்டி இன்னொன்றாக நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மங்கோலியர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 18-ம் நூற்றாண்டின் கடைசியில் புகாரா அமீர் ஷா முராத் அணையை உடைத்துப் பாசனத்தைக் கெடுத்தார், பெருவாரியான ஊர் அப்போதுதான் காலியானது.

அப்புறம், அந்தச் செய்தியோடு வரும் படத்தில் இருக்கும் குவிமாடக் கட்டடம் 12-ம் நூற்றாண்டு சுல்தான் சஞ்சாரின் சமாதி. அது இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.