மைக் கொடுத்தால் போதுமா?

நாடுகளின் வளர்ச்சிக்குப் பணம் திரட்டுவது பற்றிப் பேசும் நிதி மாநாடுகளில் இளைஞர்களின் குரல் ஒலிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஒலித்த பிறகு? நானும் ஒருமுறை இளைஞர் பிரதிநிதி என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி நாள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், பேச மூன்று நிமிடம். அறிக்கை ஏற்கெனவே அச்சாகி மேஜையில் கிடந்தது.

2002இல் மான்டெரே, 2008இல் தோஹா, 2015இல் அடிஸ் அபாபா, 2025இல் செவில் என்று வளர்ச்சிக்கான நிதி மாநாடுகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. வளரும் நாடுகளுக்கு வளர்ச்சி இலக்குகளை எட்ட ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்கிறது ஐ.நா. அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்று வாங்கும் 30 வருடக் கடனை அடைக்கப்போவது இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைதான். அதன் கையெழுத்து எந்தப் பத்திரத்திலும் இல்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 2014இல் அந்த நகராட்சி தன் மூலதனச் செலவில், அதாவது நீண்ட நாள் நிற்கும் சொத்துகளுக்கான பணத்தில், 10 லட்சம் டாலரை ஒதுக்கி, 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களையே வாக்களித்து முடிவு செய்யச் சொன்னது. பூங்கா, நடைபாதை, பள்ளிக்கு மடிக்கணினி என்று தேர்ந்தெடுத்தார்கள். வானவில் கனவெல்லாம் இல்லை, பாருங்கள்! ஒவ்வொரு திட்டத்துக்கும் என்ன செலவாகும் என்று கணக்குப் பார்த்துத்தான் வாக்குச்சீட்டுக்கே வந்தது. தொகை சின்னதுதான். ஆனால் அந்த மூன்று நிமிட மைக்குக்குப் பதில் இப்படி ஒரு வாக்குச்சீட்டு கிடைத்திருந்தால், மதியத் தூக்கத்தையும் விட்டுவிட்டுப் போயிருப்பேன்.