37.9-உம் ஏழு சிவப்புப் புள்ளிகளும்

பள்ளியின் எண் போனில் தெரிந்தாலே வயிற்றைப் பிசையும். உங்களுக்கும் அப்படித்தானே? நேற்று காலை 10.20-க்குத் தெரிந்தது.

"மேடம், உங்கள் மகனுக்கு உடல் சூடு 37.9 டிகிரி. கையில் சிவப்புப் புள்ளிகள் வேறு. கை, கால், வாய் நோயாக இருக்கலாம். உடனே வந்து கூட்டிக்கொண்டு போங்கள்."

உடனே! நான் உட்கார்ந்திருப்பது பூன் லேயில், பள்ளி இருப்பது தெம்பனிஸில். சிங்கப்பூர் சின்ன ஊர்தானே என்று சொல்பவர்களை அந்தப் பச்சைக் கோட்டு ரயிலில் ஏற்றிவிட வேண்டும், மகனுக்கு என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நிலையமாக எண்ணட்டும்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "மறுபடியுமா?" என்றார். அவ்வளவுதான், ஒரே சொல். பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரை ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை 2 நாள். ஏழாவது பிறந்தநாள் கேக் வெட்டியதும் காய்ச்சல், சளி, வாந்தி எல்லாம் மரியாதையாக மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் போல. என் மகனுக்கு எட்டு. அந்த இரண்டு நாளும் மார்ச் மாதத்திலேயே காலி.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். அலுவலக அறை மூலையில் தனி நாற்காலி, சுற்றிலும் ஆள் இல்லாத வட்டம். நடுவில் என் மகன் காலை ஆட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறான். நெற்றியைத் தொட்டேன். அந்த அறையின் குளிரில் என் கையைவிட அவன் நெற்றிதான் ஜில்லென்று இருந்தது.

"இதற்கு முன்னால் என்னடா பாடம்?"

"பி.இ. அம்மா. திடலை ஆறு சுற்று ஓடினோம்!"

பத்து மணி வெயிலில் ஆறு சுற்று ஓடிவந்த பிள்ளையின் நெற்றியில் சூடு பார்க்கும் அந்தத் துப்பாக்கியை வைத்தால் என்ன காட்டும்? அந்த வெயிலில் கிடந்த பள்ளிக் கதவின் கைப்பிடியில் வைத்தாலும் 37.9-தான் காட்டும், அதையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். 2003-இல் சார்ஸ் வந்தபோது நான் தொடக்கநிலை நான்கு. ஆளுக்கொரு தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அது பீப் அடிக்கும்வரை வகுப்பே வாயைத் திறக்காது. அந்தப் பொறுமை இப்போது எங்கே? டப் என்று சுட்டார்கள், முடிந்தது கதை.

"இன்னொரு முறை பாருங்களேன்" என்றேன். பார்த்தார்கள். 36.9.

"ஆனால் முதல் அளவு ஏற்கெனவே பதிவாகிவிட்டதே, மேடம்."

சரி, புள்ளிகள்? உள்ளங்கையில் இருந்தன. சிவப்பாக, வட்டமாக, ஏழு. இங்கேதான் எனக்கும் குலை நடுங்கிவிட்டது, மறைக்கவில்லை. எச்சில் தொட்டு ஒருமுறை தேய்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பெற்ற தாய்க்கு இது மானக்கேடுதான், அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

பலதுறை மருந்தகத்துக்கு ஹெல்த்ஹப் செயலியில் நேரம் தேடினால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். எங்கள் எண் 31. திரையில் 12. முன்னால் இருமுகிறார்கள், பின்னால் தும்முகிறார்கள். ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. பள்ளியில் பல்லைப் பார்க்க நாற்காலி, விளக்கு, கருவி என்று ஒரு மருந்தகமே வைத்திருக்கிறார்கள். நெற்றிக்கு மட்டும் அந்தத் துப்பாக்கி.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போனோம். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், புண் இல்லை. பாதத்தைத் திருப்பினார், ஒன்றும் இல்லை. உள்ளங்கையைப் பிடித்து விளக்கடியில் உற்றுப் பார்த்தார். ஒரு ஸ்பிரிட் பஞ்சை எடுத்து மெல்லத் துடைத்தார்.

முதல் புள்ளி பஞ்சோடு போனது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. டாக்டரின் முகக்கவசம் குலுங்கியது.

"இது மார்க்கர், அம்மா."

என் மகன் ஓவென்று அழ ஆரம்பித்தான். அது பொறிவண்டாம். அறிவியல் பாடத்துக்கு வரைந்ததாம். டாக்டர் அதன் புள்ளிகளை அழித்துவிட்டாராம்.

எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கேட்டேன். "நோயே இல்லையே, எதற்குக் கொடுப்பது?" என்றார். நியாயம். ஆனால் பள்ளிக்குத் திரும்ப வேண்டுமென்றால் கடிதம் வேண்டுமாம். ஆக, என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு கடிதம், அதற்கு 42 வெள்ளி, கூடவே சம்பளமில்லா விடுப்பு அரை நாள். மருந்து ஒரு சொட்டு இல்லை.

மாலை ஊரிலிருந்து அம்மா போனில். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "எதற்கும் கொஞ்சம் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு" என்றார். மார்க்கருக்கா? சிரிக்கத் தொடங்கியவள்தான், நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரவு பையைத் திறந்தால் தண்ணீர்ப் புட்டி இல்லை. எங்கே என்றால் திடலில் என்கிறான். இந்தத் தவணையில் இது மூன்றாவது. போன முறை தொலைந்தபொருள் பெட்டியிலிருந்து தந்த புட்டி எங்களுடையது, மூடி யாருடையதோ. ஒழுகி ஒழுகித் தமிழ்ப் புத்தகம் மொத்தமும் அப்பளம் மாதிரி அலையலையாக நிற்கிறது. ஒரு மாணவனின் நெற்றிச் சூட்டைப் பதிவு செய்து வைக்கத் தெரிகிறது இவர்களுக்கு, ஒரு புட்டிக்கு அதன் மூடி எதுவென்று பார்க்கத் தெரியாதா?