கொழுந்து பறிக்கும் இயந்திரம்: ஒரு திருத்தம்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஜப்பானிய இயந்திரங்கள் இலங்கை மலையகத்தில் பரவாததற்குத் தொழிலாளர்களின் மறுப்பே காரணம் என்று சொல்லப்படுவது சரியல்ல. பழியைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் மீது சுமத்துவது அநியாயமும்கூட. அவ்வியந்திரங்கள் ஒரே மட்டத்தில் வெட்டிப் பேணப்படும் ஜப்பானிய நிரைகளுக்காக உருவானவை. நமது சரிவுகளிலோ, பழைய விதைத் தேயிலைச் செடிகள் துளிர்விடும் வேகத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், கத்தி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்தெடுக்காமல், முற்றிய இலையையும் அடுத்த சுற்றுக்குரிய இளந்துளிரையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது. அதன் விளைவு தொழிற்சாலையில் தூளின் தரத்தில் தெரிந்துவிடும். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வேரூன்ற உள்ளூர் ஆய்வு வேண்டும். 1925 இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணுக்கேற்ற விபி இனங்களை (விதையிலிருந்து அல்லாமல், தாய்ச்செடியின் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கப்படுபவை)த் தெரிந்து கொடுத்தது அத்தகைய வேலைதான். இயந்திரத்துக்கும் அவ்வாறே மறுநடுகை, கவ்வாத்து (செடியை வெட்டிச் சீராக்குதல்), கிலோக் கணக்குக் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்து மாற வேண்டும்.